பிரிட்டனில் பகுதிநேரமாக நிறுவன உளவியல் முதுகலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெச்.ஆரில், ஐ.டி.யில், என்ஹெச்எஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டே நிறுவன உளவியலில் (ஆக்குபேஷனல் அல்லது ஆர்கனைசேஷனல் சைக்காலஜி) எம்.எஸ்ஸி. படிக்கலாமா என்று பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கடன், கட்டணம் பற்றிய விவரங்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

பிரிட்டிஷ் உளவியல் சங்கமான பிபிஎஸ் அங்கீகரித்த படிப்புகளில் ஐந்து பகுதிகள் கட்டாயம் இருக்கும்: வேலையிடத்தில் உளவியல் மதிப்பீடு, கற்றலும் பயிற்சியும், தலைமையும் ஈடுபாடும் ஊக்கமும், வேலையும் நலவாழ்வும், வேலை வடிவமைப்பும் நிறுவன மாற்றமும். இவற்றோடு ஆய்வு முறையும் புள்ளியியலும் சேரும். கவுன்சலிங் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துச் சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே ஏமாந்துபோகிறார்கள். இது ஆட்களுக்குச் சிகிச்சை அளிக்கும் படிப்பு அல்ல.

எம்.பி.ஏ. ஹெச்.ஆரிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? ஆண்டு அப்ரைசலை எப்படி நடத்துவது என்பது எம்.பி.ஏ.வின் கேள்வி. அதில் கிடைக்கும் மதிப்பெண் வேலை செய்தவரைப் பற்றிச் சொல்கிறதா, மதிப்பெண் போட்ட மேனேஜரைப் பற்றிச் சொல்கிறதா என்பது இந்தப் படிப்பின் கேள்வி. இரண்டாவது கேள்வி உங்களுக்குச் சுவையாகப் படவில்லையென்றால் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

முடித்ததும் 'சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளலாமா?

'ஆக்குபேஷனல் சைக்காலஜிஸ்ட்' என்ற பட்டப்பெயர் 2009 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஹெச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்யாமல் அதைப் பயன்படுத்துவது குற்றம். 'பிசினஸ் சைக்காலஜிஸ்ட்', வெறும் 'சைக்காலஜிஸ்ட்' ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் லிங்க்ட்இன்னில் அவை இவ்வளவு தாராளமாகப் புழங்குகின்றன.

பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயருக்கான வழக்கமான பாதை மூன்று படி. முதலில் ஜிபிசி என்னும் அடிப்படைத் தகுதி, அதாவது பிபிஎஸ் ஏற்கும் உளவியல் இளங்கலையோ அதற்கு ஈடான ஒன்றோ. அடுத்து அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்ஸி. அதற்குப் பிறகு மேற்பார்வையில் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம். இதை 'ஸ்டேஜ் 2' என்பார்கள். எம்.எஸ்ஸி. இதில் நடுப்படி மட்டுமே.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது அந்தப் பட்டப்பெயரா, அறிவா? அறிவு போதுமென்றால் அங்கீகாரம் இல்லாத நல்ல படிப்பும் சரிதான். பட்டப்பெயர் வேண்டுமென்றால், படிப்பின் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். பெயரில் 'ஆர்கனைசேஷனல்' என்றிருந்தும் அங்கீகாரம் உள்ளவை உண்டு, இல்லாதவையும் உண்டு. பிபிஎஸ் தளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தை, அந்தப் படிப்பை, நீங்கள் சேரும் ஆண்டை வைத்துத் தேடுங்கள்.

இளங்கலையில் படித்தது இன்ஜினியரிங். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?

பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள், குறிப்பாக ஆட்களை நிர்வகித்த அனுபவம் இருந்தால். ஆனால் ஜிபிசி இல்லாமல் அங்கீகாரம் பெற்ற எம்.எஸ்ஸி.யை முடித்தாலும் அடுத்த படிக்குப் போக முடியாது. முன்போ பின்போ ஜிபிசி தரும் உளவியல் 'கன்வெர்ஷன்' படிப்பு ஒன்றை முடித்தாக வேண்டும். முன்பே முடிப்பது நல்லது. புள்ளியியல் பயம் அங்கேயே தெளிந்துவிடும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ உளவியல் படித்தவர்கள் ஜிபிசி தானாக வந்துவிடும் என்று இருந்துவிட வேண்டாம். பிபிஎஸ்ஸுக்குத் தனியாக விண்ணப்பித்து, மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்டத்தையும் கொடுக்க வேண்டும். உயிரியல், அறிவாற்றல், வளர்ச்சி, சமூக உளவியல், தனிநபர் வேறுபாடுகள், ஆய்வு முறை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இடறும் இடம் பெரும்பாலும் ப்ராஜெக்ட்தான். தரவு திரட்டி அலசிய சொந்த ஆய்வாக அது இருக்க வேண்டும், நூலகத்தில் உட்கார்ந்து எழுதிய கட்டுரை போதாது. பழைய பாடத்திட்டத்தைக் கல்லூரியிலிருந்து முத்திரையோடு வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்துக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?

முழு எம்.எஸ்ஸி.க்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம் என்பது கணக்கு. மொத்தம் 1,800 மணி. இரண்டு வருடத்தில் கிறிஸ்துமஸ், ஊர்ப்பயணம், உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் கழித்து 90 வாரம் கைக்கு வரும் என்று வைத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம்.

வகுப்பு அதில் சிறு பங்குதான். 1823இல் தொழிலாளர் கல்விக்காகத் தொடங்கி மாலை வகுப்புக்குப் பேர்போன லண்டன் பர்க்பெக் போன்ற இடங்களில் ஆறு மணிக்குத் தொடங்கும் வகுப்பு ஒன்பதுக்கு முடியும். மீதி எல்லாம் வாசிப்பும் எழுத்தும். ஓர் ஆய்வுக் கட்டுரையைக் குறிப்பெடுத்துப் படிக்கத் தொடக்கத்தில் மூன்று மணி நேரம் ஆகும். ஆறு மாதம் போனால் ஒரு மணிக்குக் குறையும். முறைப் பகுதியையும் முடிவு அட்டவணையையும் முதலில் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதி நேரம் மிச்சம்.

முதல் வருடம் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சிக்கல் இரண்டாம் வருடம் ஜூனில் வருகிறது. கடைசிப் பாடத்தின் அசைன்மென்ட்டும் 60 கிரெடிட் டிசர்டேஷனும், அதாவது 600 மணி நேரம் பிடிக்கும் இறுதி ஆய்வேடும், ஒன்றாக மோதும். ஜூலைக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் தொடங்கிவிடும். அந்தக் கோடையில் குடும்பத்தோடு ஆறு வாரம் ஊருக்குப் போவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

என் விசாவில் படிக்கலாமா?

ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்கள் வேலையை விடாமல் பகுதிநேரமாகப் படிக்கலாம். கட்டணம் மட்டும் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கணக்கில் வரும். ஊரிலிருந்து ஸ்டூடன்ட் விசாவில் பகுதிநேர முதுகலைக்கு வரவும் வழி இருக்கிறது, ஆனால் அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. 'பகுதிநேரப் படிப்பு, மீதி நேரம் வேலை' என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசுக் கடன் கிடைக்குமா?

இங்கிலாந்தின் முதுகலைக் கடன், 2025 ஆகஸ்ட் முதல் 2026 ஜூலை வரை தொடங்கும் படிப்புகளுக்கு அதிகபட்சம் 12,858 பவுண்டு. இந்த உச்சவரம்பு ஆண்டுதோறும் மாறுவது. தொகை படிப்பின் ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரிந்து உங்கள் கணக்குக்கு வரும். கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். வருமானம் ஆண்டுக்கு 21,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 சதவீதம் பிடிப்பார்கள். இளங்கலைக் கடன் பாக்கி இருந்தால் அதற்கான 9 சதவீதமும் சேர்ந்தே போகும்.

நம்மவர்கள் அதிகம் தவறவிடும் விதி ஒன்று உண்டு. ஏற்கெனவே முதுகலைப் பட்டம் இருந்தால் இந்தக் கடன் கிடையாது, அது எந்த நாட்டில் வாங்கியதாக இருந்தாலும். சென்னையில் வாங்கிய எம்.பி.ஏ.வும் இதில் அடங்கும். குடியுரிமை அல்லது நிரந்தரக் குடியிருப்பு, மூன்று வருட வசிப்பு ஆகிய நிபந்தனைகளும் உள்ளன.

கம்பெனி பணம் கட்டுமா? மேனேஜரிடம் எப்போது சொல்வது?

சேர்க்கை உறுதியாகும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. குறைந்தது 250 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் 26 வாரம் முடித்தவருக்கு, படிப்புக்காக நேரம் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. வேலைக்குப் பயன்படும் படிப்பு என்று காட்ட வேண்டும். நிறுவனம் காரணம் சொல்லி மறுக்கலாம். கொடுத்தாலும் அந்த நேரத்துக்குச் சம்பளம் தரவேண்டிய கட்டாயமில்லை.

பணம் கட்டுவதாகச் சொன்னால் ஒப்பந்தத்தில் திருப்பிச் செலுத்தும் பிரிவைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள், ஆட்குறைப்பில் நீங்களே வெளியேற்றப்பட்டாலும் திருப்பித் தர வேண்டுமா, தொகை மாதாமாதம் குறையுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கு வராது. புள்ளியியலில் மாட்டிக்கொள்வேனா?

கையால் கணக்குப் போடும் வேலை குறைவு. எஸ்பிஎஸ்எஸ், ஜமோவி, ஆர் என்று ஏதாவது ஒரு மென்பொருள் போட்டுக்கொடுத்துவிடும். ஜமோவியும் ஆரும் இலவசம். தேவைப்படுவது சராசரி, திட்டவிலக்கம், ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது, கோரிலேஷன்), டி-சோதனை, பல்மாறித் தொடர்புப் போக்கு (மல்டிபிள் ரிக்ரஷன்), அளவுகோலின் நம்பகத்தன்மை ஆகியவை. இவற்றின் வெளியீட்டைப் பார்த்து இரண்டு வாக்கியத்தில் பொருள் சொல்லத் தெரிந்தால் தப்பித்துவிடலாம். படிப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் ஜமோவியை இறக்கி, அதோடு வரும் மாதிரித் தரவை வைத்து ஒட்டுறவு அட்டவணை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

65 மார்க்தான் வந்தது. மோசமா?

இல்லை. முதுகலையில் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 90 வாங்கிப் பழகியவர்களுக்கு முதல் அசைன்மென்ட் கையில் வரும்போது தூக்கிவாரிப்போடும்.

60க்கும் 70க்கும் நடுவே மார்க் தங்கிவிடுவது, படித்ததை ஒப்பிக்கும் எழுத்தால். ஆள் தேர்வு பற்றிய கட்டுரையில் இது பளிச்சென்று தெரியும். அறிவுத்திறன் சோதனைதான் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கும், ஒட்டுறவு 0.51 என்று 1998இல் ஷ்மிட்டும் ஹன்டரும் வெளியிட்ட எண்ணை இன்றும் அப்படியே எழுதுகிறார்கள். 2022இல் சாக்கெட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்தக் கணக்கின் திருத்தமுறை மதிப்புகளை மிகையாக்கியிருக்கிறது என்று காட்டினார்கள். அறிவுத்திறன் 0.31க்கு இறங்கியது, கட்டமைத்த நேர்காணல் 0.42இல் முதலிடத்துக்கு வந்தது. இரண்டு எண்ணையும் போட்டு, வித்தியாசம் ஏன் வந்தது, உங்கள் நிறுவனத்தின் நேர்காணல் உண்மையிலேயே கட்டமைத்ததுதானா என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்திக்குத்தான் மார்க்.

தாமதமாகக் கொடுத்தால் பல பல்கலைக்கழகங்களில் உச்ச மார்க்கே 50 ஆகிவிடும். ஆபீசில் வேலைப்பளு என்பதைப் பெரும்பாலும் காரணமாக ஏற்பதில்லை. நோய், இறப்பு போன்றவற்றுக்குக் கெடு முடியும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

என் ஆபீசிலேயே டிசர்டேஷனுக்குத் தரவு எடுக்கலாமா?

எடுக்கலாம். பகுதிநேர மாணவருக்கு இருக்கும் பெரிய வசதி இது, பெரிய பொறியும் இதுவே.

உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் நீங்களே கேள்வித்தாள் நீட்டினால், 'விருப்பமிருந்தால் நிரப்புங்கள்' என்ற வரிக்கு மதிப்பில்லை. மறுத்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம் இருக்கும். ஆய்வுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழக எத்திக்ஸ் குழு முதலில் பிடிப்பது இதைத்தான். உங்கள் நேரடி அணியை விட்டுவிடுங்கள். அழைப்பு மின்னஞ்சலை ஹெச்.ஆரோ பணியாளர் நலக் குழுவோ அனுப்பட்டும். யார் நிரப்பினார் என்பது உங்களுக்கும் தெரியாதபடி இணைப்பை அமையுங்கள்.

நிறுவனத்திடமிருந்து அனுமதிக் கடிதம் வேண்டும். அதில் எழுதாமல் விட்டுவிட்டுப் பின்னால் தகராறாவது, முடிவை யார் பார்ப்பது என்ற விஷயம். டைரக்டர் ஒருவர் மூன்று மாதம் கழித்து 'டேட்டாவை அனுப்புங்கள், துறைவாரியாகப் பார்க்கிறேன்' என்பார். ஒன்பது பேர் கொண்ட துறையில் வயதும் பாலினமும் இருந்தாலே ஆள் தெரிந்துவிடும். ஆகவே கடிதத்திலேயே இப்படி ஒரு பத்தியைச் சேருங்கள்:

"தனிநபர் பதில்கள் நிறுவனத்துக்கு வழங்கப்படமாட்டாது. பத்துப் பேருக்குக் குறைவான எந்தக் குழுவின் முடிவும் தனியாகக் காட்டப்படமாட்டாது. ஆய்வு முடிந்தபின் இரண்டு பக்கச் சுருக்கம், பங்கேற்ற ஊழியர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே நாளில் அனுப்பப்படும்."

கடைசி வரி முக்கியம். நிர்வாகம் முதலில் பார்த்துவிட்டு ஊழியருக்குக் கொடுக்காமல் அமுக்கிவிடுவதை அது தடுக்கும்.

எத்திக்ஸ் அனுமதிக்கு முன் ஒரு பதிலைக்கூட வாங்கக் கூடாது. போன வருடம் ஹெச்.ஆர். எடுத்த சர்வே கைவசம் இருக்கிறது என்றாலும், அதை ஆய்வுக்குப் பயன்படுத்தத் தனி அனுமதி வேண்டும். முன்தேதியிட்ட அனுமதி என்று ஒன்று கிடையாது. மீறி எடுத்த தரவைத் தூக்கி எறியச் சொல்வார்கள். செப்டம்பரில் சமர்ப்பிக்க வேண்டுமானால் மார்ச், ஏப்ரலில் தரவு, அதற்கு ஜனவரிக்குள் எத்திக்ஸ் விண்ணப்பம் என்று பின்னாலிருந்து எண்ணுங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்ஹெச்எஸ் ஊழியர்களை என்ஹெச்எஸ் வழியாகச் சேர்த்தால் ஹெச்ஆர்ஏ என்னும் ஆய்வு ஆணையத்தின் அனுமதியும் தேவை. எம்.எஸ்ஸி. கால அளவுக்குள் அது இறுக்கமாகிவிடும். தொழில்முறைக் குழுக்கள், சமூக ஊடகம் வழியாக ஆள் சேர்த்தால் பல்கலைக்கழக அனுமதியே போதுமா என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைப்பை எப்படிச் சுருக்குவது?

'ஹைப்ரிட் வேலையும் மன அழுத்தமும்' என்று வருவார்கள். அது டிசர்டேஷன் தலைப்பே இல்லை, பத்துப் பேர் பத்து வருடம் செய்யும் வேலை. இப்படிக் குறுக்கலாம்: வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை என்பதைவிட, எந்த நாள் என்பதைத் தானே முடிவு செய்ய முடிகிறதா என்பது பணிச்சோர்வோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருக்கிறதா? இப்போது இரண்டு முன்கணிப்பு மாறிகள், ஒரு விளைவு. பின்னால் ஒரு கோட்பாடும் இருக்கிறது: காராசெக் 1979இல் முன்வைத்த வேலைச்சுமை–கட்டுப்பாடு மாதிரி. இங்கே கட்டுப்பாடு என்பது தன் வேலையைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை.

அளவுகோலை நீங்களே எழுத வேண்டாம். சொந்தமாக எழுதிய எட்டுக் கேள்வி எதை அளக்கிறது என்று நிரூபிக்கவே ஒரு டிசர்டேஷன் ஆகும். பணிச்சோர்வுக்கு மாஸ்லாக் அளவுகோல் எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் அதற்கு உரிமக் கட்டணம் உண்டு. கோப்பன்ஹேகன் அளவுகோல் இலவசம். அதில் வேலை சார்ந்த சோர்வுக்கு ஏழு கேள்விகள். கட்டுப்பாட்டுக்கு, பிரிட்டிஷ் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்எஸ்இ இலவசமாகத் தரும் 35 கேள்விக் கருவியிலிருந்து ஆறு கேள்வி கொண்ட பகுதியை எடுக்கலாம். வயது, பணி, வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள், நாளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் சேர்த்தாலும் இருபதுக்குள் அடங்கும். நாற்பதைத் தாண்டினால் பாதியில் மூடிவிட்டுப் போவார்கள்.

எத்தனை பேர் வேண்டும்? நடுத்தர ஒட்டுறவை, அதாவது 0.30ஐ, வழக்கமான 80 சதவீத ஆற்றலோடு (உண்மையில் இருக்கும் தொடர்பைத் தவறவிடாத வாய்ப்பு) கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, நடுத்தர வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 64. ஜி*பவர் என்ற இலவச மென்பொருளில் இதைப் போட்டுப் படத்தைப் பிற்சேர்க்கையில் வையுங்கள். அழைத்தவர்களில் மூன்றில் ஒருவர் நிரப்புவார் என்று கொண்டால் 85க்கு 255 பேரை அழைக்க வேண்டும். அரைகுறைப் பதில்களையும் கழித்தால் 280 பக்கம் வரும். உங்கள் ஆபீசில் இருப்பதே 120 பேர் என்றால் சர்வேயை விட்டுவிட்டு நேர்காணலுக்கு மாறுங்கள். பன்னிரண்டு பேரிடம் ஆழமாகப் பேசி, கருப்பொருள் பகுப்பாய்வு செய்வது இளைத்த வேலை இல்லை. ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். தமிழில் பேட்டி எடுத்தால் மொழிபெயர்ப்பு நேரம் தனி.

இன்னொரு ஓட்டை: காரணத்தையும் விளைவையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே தாளில் கேட்டால், எரிச்சலில் இருப்பவர் இரண்டுக்குமே மோசமான மதிப்பெண் போடுவார். கிடைத்த தொடர்பு அந்த எரிச்சலின் விளைவாகவே இருக்கலாம். நான்கு வார இடைவெளியில் இரண்டு சுற்றாகக் கேட்டால் இது குறையும். அதற்குப் பெயரில்லாக் குறியீடு வேண்டும்: அம்மா பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள் எண். இரண்டாம் சுற்றுக்கு வராமல் போகிறவர்களை எண்ணி முதல் சுற்றிலேயே கூடுதலாக ஆள் சேருங்கள்.

நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் கட்டிய பணம் போச்சா?

60 கிரெடிட் முடித்திருந்தால் பெரும்பாலும் போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட், 120 முடித்திருந்தால் டிப்ளமா வாங்கிக்கொண்டு வெளியேறலாம். ஒரு வருடம் இடைநிறுத்தம் கேட்கவும் வழியுண்டு. கடன் வாங்கியிருந்தால் அந்த வருடத் தவணையும் நிற்கும் என்பதால் பல்கலைக்கழகத்தோடு கடன் அலுவலகத்துக்கும் சொல்ல வேண்டும்.

ஊரில் இருக்கும் தங்கை இதையே தொலைநிலையில் படிக்க முடியுமா?

இந்தியாவில் அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது. 2021ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025 ஆகஸ்டில் அறிவித்தது. உளவியலும் அதில் அடக்கம். 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கைக்கு இது பொருந்தும். இன்னும் 'தொலைநிலை எம்.எஸ்ஸி. சைக்காலஜி' என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டும் முன் யுஜிசி தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் ஆன்லைன் எம்.எஸ்ஸி.யில் ஊரிலிருந்தே சேரலாம், ஆனால் அதை வைத்து இந்தியாவில் அரசு வேலையோ கல்லூரி வேலையோ பார்க்க எண்ணினால், சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைச் சேரும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எம்.எஸ்ஸி. முடித்தால் ஆளுமைச் சோதனைகளை நடத்தலாமா?

பட்டம் மட்டும் போதாது. திறன் சோதனைக்கும் ஆளுமைச் சோதனைக்கும் பிபிஎஸ்ஸின் 'டெஸ்ட் யூசர்' தகுதிகள் தனித்தனியே இருக்கின்றன. சில படிப்புகள் அவற்றைக் கூடுதல் கட்டணத்துக்குப் பாடத்தோடு இணைத்துத் தருகின்றன. சேரும்போதே கேளுங்கள், வெளியில் எடுத்தால் செலவு கூடும். சோதனை வெளியிடும் கம்பெனிகளும் தங்கள் கருவிக்கென்று தனிப் பயிற்சி கேட்பதுண்டு. ஆகவே வேலை விளம்பரங்களில் எந்தக் கருவியின் பெயர் அடிக்கடி வருகிறது என்று பார்த்துவிட்டு அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள்.